உங்கள் சிம்முக்குப் பின்னால் இருக்கும் ப்ரொஃபைல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மொபைல் நிறுவனத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். யாருக்கு எவ்வளவு டேட்டா, என்ன வேகம், எந்தச் சேவை திறந்திருக்க வேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவு செய்யும் பிரிவு அது. அதனாலோ என்னவோ, கல்யாண வீட்டுப் பந்தியிலும் ரயிலிலும் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே மாதிரி சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றை நம்பி நிற்கின்றன. முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்.

எனக்கு ஃபேஸ்புக்கே கிடையாது. எனக்கு என்னங்க ப்ரொஃபைல்?

சிம் இருந்தாலே ஒரு ப்ரொஃபைல் இருக்கிறது. அது இல்லாமல் ஃபோனில் சிக்னலே வராது. 2ஜி, 3ஜி காலத்தில் அது இருந்த இடத்துக்கு எச்.எல்.ஆர். என்று பெயர். 4ஜியில் எச்.எஸ்.எஸ்., 5ஜியில் யு.டி.எம். பெயர் மாறினாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: உங்கள் சிம்முக்கே உரிய 15 இலக்க எண், உங்கள் மொபைல் எண், சிம் உண்மையானதுதானா என்று சோதிக்கும் ரகசியச் சாவி, நீங்கள் எந்தெந்தச் சேவைக்கு உரியவர், ரோமிங் உண்டா, அதிகபட்ச வேகம் எவ்வளவு. அந்த 15 இலக்க எண் இந்திய சிம்களில் 404 அல்லது 405 என்று தொடங்கும்.

விமானம் இறங்கியதும் ஏரோப்ளேன் மோடை எடுக்கிறீர்கள். கோடுகள் ஒவ்வொன்றாக ஏறுவதற்குள், அங்கிருக்கும் நெட்வொர்க் உங்கள் நிறுவனத்தின் எச்.எஸ்.எஸ்.ஸைக் கூப்பிட்டு "இவர் யார், இவருக்கு எதையெல்லாம் திறக்கலாம்" என்று கேட்டு, பதிலும் வாங்கிவிடுகிறது. இந்த ப்ரொஃபைலை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் சேவை தர அது வேண்டும். இதே விவரங்களின் மேல் வேறு நோக்கங்களுக்காக அடுக்கடுக்காகக் கட்டப்படுபவைதான் கேள்விக்குரியவை. கீழே பெரும்பாலும் அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

ஆளுக்கு ப்ரொஃபைல் சரி. சர்வீஸ் ப்ரொஃபைல்னு இன்னொண்ணு சொல்றாங்களே, அது என்ன?

நெட்வொர்க் ஆட்களுக்கு மட்டும் அடையாள அட்டை வைப்பதில்லை, சேவைகளுக்கும் வைக்கிறது. யூடியூப் என்றால் என்ன, வாட்ஸ்அப் கால் என்றால் என்ன, ஒரு வங்கி ஆப் என்றால் என்ன, அதன் டேட்டா எந்த முகவரியிலிருந்து வரும், எப்படி நடந்துகொள்ளும், தாமதத்தைத் தாங்குமா தாங்காதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. இந்த அடையாளங்களைச் சிக்னேச்சர் என்பார்கள். ஆப் ஒவ்வொரு முறை அப்டேட் ஆகும்போதும் சிக்னேச்சர் பழசாகிவிடலாம் என்பதால் அதைப் புதுப்பிப்பதே ஒரு தனி வேலை.

ஆள் ப்ரொஃபைலும் சேவை ப்ரொஃபைலும் சேர்ந்தால்தான் "இந்த ஆள், இந்தச் சேவையை, இந்த நேரத்தில், இவ்வளவு" என்ற வாக்கியம் முழுமையாகிறது. தனித்தனியாக இரண்டும் பெரிய விஷயமில்லை. சேரும் இடத்தில்தான் பயனும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

நான் வாட்ஸ்அப்ல என்ன பேசுறேன்னு சிம் கம்பெனிக்குத் தெரியுமா?

என்ன பேசுகிறீர்கள் என்று தெரியாது. 2016 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப் செய்திகளும் அழைப்புகளும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூட்டப்பட்டே போகின்றன. நடுவில் இருக்கும் நெட்வொர்க்கிடம் சாவி இல்லை.

ஆனால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர் வீட்டுக்கு வந்தால், பிரிக்காமலே கல்யாணப் பத்திரிகை என்று நமக்குத் தெரிகிறது இல்லையா? அதுபோலத்தான் இது. தட்டச்சு செய்த செய்தி என்றால் எப்போதாவது ஒரு சின்னத் துணுக்கு போகும். பேச்சு என்றால் நொடிக்குப் பல சிறு பாக்கெட்டுகள் இரு பக்கமும் ஒரே சீராக ஓடும். வீடியோ பார்த்தால் ஒரு பெரிய கொத்து, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு கொத்து. அந்த வரைபடத்தைத் திரையில் பார்த்துப் பழகியவருக்கு எந்தப் பெயரும் தேவையில்லை. ஆக வாட்ஸ்அப்பில் இருந்தீர்கள், இரவு 11:40க்குத் தொடங்கினீர்கள், 52 நிமிடம் பேசினீர்கள் என்பதெல்லாம் கணிக்கக்கூடியவை.

வெப்சைட்டுல பூட்டுப் படம் இருக்கே, அப்புறம் நான் எந்த சைட் போறேன்னு எப்படித் தெரியும்?

பூட்டு, கவருக்குள் இருப்பதற்குத்தான். கவரின் மேல் எழுதிய முகவரிக்கு இல்லை. நீங்கள் ஒரு தளத்துக்குப் போகும்போது இரண்டு இடங்களில் அதன் பெயர் வெளியே தெரிகிறது. முதலில், பெயரை எண் முகவரியாக மாற்றிக்கொள்ள ஃபோன் டி.என்.எஸ்.ஸிடம் கேட்கிறது. வழக்கமாக அது உங்கள் நிறுவனத்தின் டி.என்.எஸ்.ஸாகவே இருக்கும். அப்புறம் பூட்டுப் போடத் தொடங்கும் முதல் செய்தியிலேயே "எனக்கு இந்தத் தளம் வேண்டும்" என்று தளத்தின் பெயரைத் திறந்தபடி சொல்கிறது. இதற்கு எஸ்.என்.ஐ. என்று பெயர். 2018 ஆகஸ்டில் வந்த டி.எல்.எஸ். 1.3, அதாவது இந்தப் பூட்டின் புதிய பதிப்பு, தளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழை மறைத்தது. இந்தப் பெயரை மறைக்கவில்லை. கூகுள், யூடியூப் எல்லாம் பயன்படுத்தும் புதிய க்விக் முறையில் முதல் பாக்கெட்டும் பூட்டியது போலத்தான் தெரியும். ஆனால் அதைத் திறக்கத் தேவையான விவரம் அந்தப் பாக்கெட்டிலேயே இருப்பதால், நடுவில் இருப்பவர் திறந்து பெயரைப் பார்க்க முடியும். இந்தப் பெயரையும் மறைக்கும் இ.சி.எச். என்ற முறை இப்போது பரவத் தொடங்கியிருக்கிறது. உலாவியும் தளமும் இரண்டுமே அதை ஏற்றிருந்தால்தான் பயன்.

தளத்தின் பெயர் தெரியும், அதற்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது. "பெயர்தானே, போனால் போகிறது" என்று சிலர் சொல்வதுண்டு. ஒருவர் மூன்று நாளாக இரவு 2 மணிக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் தளத்துக்குப் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் படித்தார் என்று இதற்குமேல் தெரிய வேண்டுமா?

அப்போ இன்காக்னிட்டோ போட்டுட்டா?

அது உங்கள் ஃபோனை அடுத்து எடுப்பவருக்கு வரலாறு தெரியாமல் இருக்க. நெட்வொர்க்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

வி.பி.என். போட்டா தப்பிச்சுடலாமா?

வி.பி.என். என்பது உங்கள் டேட்டாவைப் பூட்டி, வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு. அதைப் போட்டால் சிம் நிறுவனத்தின் கண்ணிலிருந்து தளங்களின் பெயர்கள் மறையும். நேரமும் அளவும் அப்போதும் தெரியும், நீங்கள் வி.பி.என். போட்டிருப்பதும் தெரியும். அதைவிட முக்கியம், இதுவரை சிம் நிறுவனம் பார்த்ததையெல்லாம் இனி அந்த வி.பி.என். நிறுவனம் பார்க்கும். யாரென்றே தெரியாத ஓர் இலவச ஆப்புக்கு அதைத் தூக்கிக் கொடுப்பதைவிட, உரிமம் வாங்கி, முகவரியோடு, புகார் எண்ணோடு இருக்கும் நிறுவனமே மேல் என்பது என் கருத்து. இந்தியாவில் வி.பி.என். நடத்துவோர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன.

எளிதான இன்னொரு வழி ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டி.என்.எஸ். அமைப்பு. பூட்டுப் படம் பற்றிய பதிலில் சொன்ன இரண்டு ஓட்டைகளில் முதலாவதை மட்டும் அது அடைக்கும்.

ஒரு நாளைக்கு 2 ஜிபி முடிஞ்ச உடனே வேகம் சட்டுன்னு குறையுதே, யாராவது உக்காந்து பாத்துட்டு இருக்காங்களா?

ஆள் யாரும் இல்லை. நான் வேலை பார்த்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

உங்கள் டேட்டா எல்லாம் ஒரு வாசல் வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறது. அந்த வாசலுக்குத் தானாக எதுவும் தெரியாது. உங்களுக்கு முழு 2 ஜிபியையும் மொத்தமாகத் தந்துவிடாது. கட்டணக் கணக்கு வைக்கும் சார்ஜிங் சிஸ்டத்திடம் ஒரு சின்னத் துண்டு கேட்கும், உதாரணத்துக்கு 100 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் அடுத்த துண்டு. மளிகைக் கடையில் கணக்கு நோட்டு வைத்து வாங்குவது போல, ஒவ்வொரு துண்டும் குறிக்கப்படுகிறது. கடைசித் துண்டு தீரும்போது, "இவருடைய இன்றைய அளவு முடிந்தது" என்று சார்ஜிங் சிஸ்டம் இன்னொரு சிஸ்டத்துக்குச் சொல்லும். அதன் பெயர் பி.சி.ஆர்.எஃப்., 5ஜியில் பி.சி.எஃப். விதிகளை முடிவு செய்வது அதுதான். அது உங்கள் ப்ரொஃபைலைப் பார்க்கும். இந்த பேக்கில் அளவு முடிந்தால் நிறுத்த வேண்டுமா, 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்க வேண்டுமா, இவர் டாப்-அப் போட்டிருக்கிறாரா? முடிவு செய்து புது விதியை வாசலுக்கு அனுப்பும். இணைப்பு அறுந்து மறுபடி சேர்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயைத் திருகிவிடுவார்கள். உங்களுக்கு அது பாதி வீடியோவில் சுற்றும் வட்டமாகத் தெரிகிறது.

நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கு மறுபடி திறக்கும் திட்டங்களில் இந்த வேலை லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அந்த நேரத்துப் பணிமுறையில் நாங்கள் யாரும் டீ குடிக்க எழுந்ததில்லை.

அப்படின்னா யூடியூபை மட்டும் வேணும்னே ஸ்லோ பண்ண முடியும் தானே?

தொழில்நுட்பப்படி முடியும். மேலே சொன்ன அதே விதி, "ஆள்" என்ற இடத்தில் "சேவை" என்று போட்டால் போதும். அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை போடக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று தடை போட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவில் நின்றது அதனால்தான். சில சேவைகளை மட்டும் தடுப்பது, வேகம் குறைப்பது, முன்னுரிமை தருவது ஆகியவற்றுக்கு எதிரான விதிகளுக்கு 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஒப்புதல் தந்தது. நெரிசலைச் சமாளிக்கும் நியாயமான நடவடிக்கைகளுக்கும், சில சிறப்புச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு.

ரீசார்ஜோடு ஓ.டி.டி. சந்தா இலவசம் என்பது வேறு கதை. அதில் சந்தா இலவசம், அதைப் பார்க்கும் டேட்டா உங்கள் கணக்கிலிருந்தே போகிறது.

சேவைக்குப் பதிலாக ஆளை வைத்துப் பாகுபாடு செய்தால்? அதிகம் கட்டுபவருக்கு நெட்வொர்க்கில் முன்னுரிமை என்று ஏர்டெல் பிளாட்டினம், வோடஃபோன் ஐடியாவின் ரெட்எக்ஸ் திட்டங்கள் சொன்னபோது, 2020 ஜூலையில் டிராய் அவற்றை நிறுத்திவைக்கச் சொன்னது. டவர் ஒன்றுதான். ஒருவரை முன்னால் விட்டால் பக்கத்தில் இருப்பவர் பின்னால்தான் போக வேண்டும்.

எதையும் அழுத்தலை, ஓடிபி வரலை, பணம் மட்டும் போயிடுச்சு. என் நம்பர் அந்த சைட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?

பெரியம்மாவுக்கு இது நடந்தது. தினமும் 5 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. "சகுனம் பார்க்கும் சேவை" என்று ஒன்று அவர் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனை வாங்கிப் பார்த்தேன். சமையல் வீடியோவுக்கு நடுவே வந்த விளம்பரத்தை மூட, மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டிருக்கிறார். அது மூடும் குறியாக இல்லாமல் படத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அடுத்து வந்த பக்கத்தில் "தொடர்க" என்ற பொத்தான். அதையும் மூடுவதாக நினைத்துத் தொட்டிருக்கிறார். எண்ணை எங்கேயும் அவர் தட்டவில்லை. கடைக்காரப் பையன் "நீங்கதான் பாட்டி ஏதோ பண்ணியிருப்பீங்க" என்று சொல்லியிருக்கிறான். அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

அவர் பொய் சொல்லவில்லை. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, நெட்வொர்க்கின் வாசல் உங்கள் கோரிக்கையோடு உங்கள் எண்ணையோ அதற்கு ஈடான ஓர் அடையாளத்தையோ ஒட்டி அனுப்ப முடியும். ஹெடர் என்ரிச்மெண்ட் என்பார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளமும், பில்லில் சேர்த்து வசூலிக்கும் சேவைகளும் உங்களைக் கேட்காமலே அடையாளம் காண்பது இப்படித்தான். வைஃபையில் இது நடக்காது. இப்படிச் சேவையைத் தொடங்கும் முன் இரண்டாவது முறையும் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2013 ஜூலையில் டிராய் உத்தரவு போட்டது. அப்படி வந்துவிட்ட சேவையை நிறுத்த 155223 என்ற எண் இருக்கிறது. பெரியம்மாவின் பணத்தை எழுதிக் கேட்டு வாங்கினோம்.

இதே உத்தி விளம்பரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெரைசான் மொபைல் நிறுவனம் உதாரணம். வாடிக்கையாளர்களின் இணையப் போக்குவரத்தில் அழிக்க முடியாத ஓர் அடையாளத்தை 2012 கடைசியிலிருந்து செருகிவந்தது. 2014 அக்டோபர் வரை அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவில்லை. உங்களை அடையாளம் காண உலாவியில் தளங்கள் விட்டுவைக்கும் குறிப்பான குக்கியை நீங்கள் அழித்தாலும், இந்த அடையாளத்தை வைத்து ஒரு விளம்பர நிறுவனம் அதே குக்கியை மறுபடி உயிர்ப்பித்தது. 2016 மார்ச்சில் அந்த நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. 13.5 லட்சம் டாலர் அபராதம் விதித்து, வெளியாருக்குத் தருவதென்றால் முன்கூட்டியே சம்மதம் வாங்கச் சொன்னது. பூட்டுள்ள தளங்களில் இப்படிச் செருக முடியாது. பூட்டின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

பிரியாணி குண்டான் வாங்கணும்னு வீட்ல பேசினோம், அடுத்த நிமிஷம் விளம்பரம். ஃபோன் ஒட்டுக்கேட்குதா?

சிம் நிறுவனம் இதில் பெரும்பாலும் குற்றமற்றது. வீட்டில் யாராவது தேடியிருப்பார்கள், எல்லோரும் ஒரே வைஃபை. ஃபோனில் இருக்கும் விளம்பர அடையாள எண்ணை வைத்து ஆப்கள் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக்கொள்கின்றன. மைக்கைத் தொடர்ந்து கேட்டு அனுப்பினால் டேட்டா கணக்கிலும் பேட்டரியிலும் அது தெரிந்துவிடும்.

ஆனாலும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விளம்பரத் தொழிலுக்கு வெளியே இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். ஏர்டெல் 2021 பிப்ரவரியில் ஏர்டெல் ஆட்ஸ் என்று தனிப் பிரிவே தொடங்கியது. இந்த மாதிரி தொழிலில் ரீசார்ஜ் அளவு, ஃபோன் மாடல், ஊர் போன்றவற்றை வைத்துக் குழு குழுவாகப் பிரிக்கலாம். அதற்கு உங்கள் சம்மதம் வாங்கப்பட்டதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

எதிர்வீட்டுக்காரருக்கு 299க்குத் தர்றாங்க, எனக்கு அதே பேக் ஏன் காட்ட மாட்டேங்குது?

அவர் போய்விடுவார் என்று கணக்கு சொல்லியிருக்கும். ரீசார்ஜ் தள்ளிப்போவது, அழைப்புகள் குறைவது, அடிக்கடி பேசும் ஆட்கள் வேறு நிறுவனத்துக்கு மாறியது, இவற்றையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் ஏறினால் சலுகை வரும். 15 வருடம் ஒழுங்காகக் கட்டியவருக்கு ஒன்றும் வராததும் அதனால்தான். எனக்கு இது பிடிக்கவில்லை. அலுவலகத்திலேயே சொல்லியிருக்கிறேன். இப்படித் தனித்தனியாகத் தரும் சலுகைகளின் விவரத்தை டிராயிடம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் சொன்னது.

அப்பா பேர்ல இருக்கிற சிம்மை நான்தான் யூஸ் பண்றேன். அப்போ ப்ரொஃபைல் யாரோடது?

சிம்முடையது. நெட்வொர்க்குக்கு மனிதர்களைத் தெரியாது. நம் ஊரில் இது அடிக்கடி தவறிப்போகும் இடம். மகன் வாங்கித்தந்த சிம் அம்மாவிடம், தாத்தாவின் ஃபோனில் பேரன் விளையாட்டு, கடையின் எண்ணில் மூன்று பேர். இந்தக் கலவையை ஒரே ஆள் என்று எண்ணி மதிப்பெண் போடுவார்கள். தவறான விளம்பரம் வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கடன் தகுதி அதன்மேல் நின்றால் சிரிக்க முடியாது.

அது கற்பனை இல்லை. கென்யாவில் 2012 நவம்பரில் தொடங்கிய எம்-ஷ்வாரி என்ற கடன் சேவை, சஃபாரிகாம் மொபைல் நிறுவனத்தில் ஒருவர் ஃபோனையும் அதன் பணப் பரிமாற்றச் சேவையான எம்-பெசாவையும் பயன்படுத்திய விதத்தை வைத்தே கடன் அளவை முடிவு செய்தது. வங்கிக் கணக்கே இல்லாத பலருக்கு அது முதல் கடன். அதனால் முழுக்கக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சிம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேரிலேயே இருப்பது நல்லது. உங்கள் பேரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்பதை அரசின் சஞ்சார் சாதி தளத்தில் பார்க்கலாம்.

ஜி.பி.எஸ். ஆஃப்ல வெச்சாலும் நான் எங்க இருக்கேன்னு தெரியுமா?

தெரியும். உங்களுக்கு அழைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டுமே. எந்த டவர்ப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் அது முடியும். டவர் நெருக்கமாக உள்ள நகரத்தில் சில நூறு மீட்டர் வரை, கிராமத்தில் சில கிலோமீட்டர் வரை பிசகும்.

மால்டே ஸ்பிட்ஸ் என்ற ஜெர்மன் பசுமைக் கட்சி அரசியல்வாதி, தன் எண்ணைப் பற்றி டாய்ச் டெலிகாம் வைத்திருந்த விவரங்களை வழக்குப் போட்டு வாங்கினார். ஆறு மாதத்துக்கு 35,830 வரிகள். 2011இல் ஒரு செய்தித்தளம் அவற்றை வரைபடத்தில் ஓடவிட்டது. அவர் ஏறிய ரயில், தூங்கிய நேரம், போன ஊர் என்று ஆறு மாத வாழ்க்கை ஒரு புள்ளியாக நகர்ந்தது. அதில் அவர் பேசிய ஒரு சொல்கூட இல்லை.

இதையெல்லாம் எத்தனை நாள் வெச்சிருப்பாங்க?

இந்தியாவில் அழைப்பு விவரப் பதிவுகளையும் இணைய இணைப்பு விவரப் பதிவுகளையும் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பருக்கு முன்பு 1 ஆண்டாக இருந்தது. அழைப்புப் பதிவில் யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் என்பது இருக்கும். பேச்சு இருக்காது.

பேரை எடுத்துட்டுத்தான் டேட்டாவைக் குடுக்கிறோம்னு சொல்றாங்களே, அப்போ பிரச்சினை இல்லையே?

பெயரை எடுப்பது எளிது, ஆளை எடுப்பது கடினம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாத டவர் விவரங்களை எடுத்துப் பார்த்தது. ஒருவர் இருந்த இடமும் நேரமும் வெறும் நான்கு தெரிந்தால், 95 விழுக்காட்டினரைத் தனித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டியது. வீடு, ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை போகும் கோயில், குழந்தையின் பள்ளி. நான்கு ஆகிவிட்டது.

கூட்டமாகத் தொகுத்துத் தருவது வேறு. "இந்தப் பேருந்து நிலையத்தில் மாலை 6 மணிக்கு இத்தனை ஃபோன்" என்பதில் உங்கள் தடம் இல்லை. அதனால் கேட்கும்போது "பெயர் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "ஒவ்வொருவருக்கும் தனி வரி இருக்கிறதா" என்று கேளுங்கள்.

பேங்க் ஆப் என்னைக் கேக்காமலே சிம் கம்பெனிகிட்ட ஏதாவது விசாரிக்குமா?

விசாரிப்பதற்கான வழி பல வருடங்களாகவே கட்டப்பட்டு வருகிறது. ஒரு பயனரின் விவரம் எச்.எல்.ஆரில் கொஞ்சம், பில்லிங்கில் கொஞ்சம், வேறெங்கோ கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தது. அதை ஒரே கதவு வழியாக வெப் சேவைகளுக்குத் தர, மொபைல் நெட்வொர்க்குகளுக்குத் தர விதிகள் எழுதும் 3ஜிபிபி அமைப்பு தன் ஆறாம் வெளியீட்டிலேயே ஜெனரிக் யூசர் ப்ரொஃபைல் என்ற ஒன்றை வரையறுத்தது. அது பெரிதாகப் பரவவில்லை. அதே எண்ணத்தின் இன்றைய வடிவம், மொபைல் நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. 2023 பிப்ரவரியில் பார்சிலோனாவில் அறிவித்த ஓப்பன் கேட்வே.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் பதில்கள் சிறியதாக இருப்பது. "இந்த எண்ணின் சிம் சமீபத்தில் மாற்றப்பட்டதா?" என்று வங்கி கேட்டால், ஆம் அல்லது இல்லை. "இந்த ஃபோன் இந்த வட்டத்துக்குள் இருக்கிறதா?" என்றாலும் அப்படியே. இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ உங்கள் பேரில் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபியைப் பிடிக்கும் மோசடியைத் தடுக்க இது நிஜமாகவே உதவும். சிம் மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்திவைப்பதும், 2024 ஜூலையிலிருந்து சிம் மாற்றிய 7 நாளுக்குள் போர்ட் செய்ய முடியாததும் அதே பயத்தினால்தான். ஆம், இல்லை என்ற எல்லையைத் தாண்டி "மாதம் எவ்வளவு ரீசார்ஜ் செய்கிறார்" என்று கேள்விகள் வளர்ந்தால், அங்கே சம்மதம் தனியாக வேண்டும்.

வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணினா பழைய ப்ரொஃபைல் அழிஞ்சுடுமா?

எண் மட்டும்தான் கூட வரும். புது நிறுவனம் புது சிம், புது 15 இலக்க எண், புது ப்ரொஃபைல் போடும். பழைய இடத்தில் பதிவுகள், மேலே சொன்ன 2 ஆண்டுக் கணக்கின்படி இருக்கும்.

இதற்கு நேர் எதிரானது, புது சிம் வாங்கியவருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கடன் வசூல் அழைப்புகள் வருவது. அங்கே நெட்வொர்க்கின் ப்ரொஃபைல் புதிது, ஆனால் ஆப்களும் வங்கிகளும் எண்ணையே ஆளாக எண்ணி வைத்திருக்கும் ப்ரொஃபைல் பழையது. நிறுத்தப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குத் தரப்படலாம். எண்ணை விடும் முன் வங்கி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் அதை மாற்றிவிடுங்கள். இறந்துபோன அப்பா அம்மாவின் எண்ணுக்கும் இதே கவனம் வேண்டும்.

நான் சொல்றதைக் கேக்கிற ப்ரொஃபைல்னு ஒண்ணாவது இருக்கா?

இருக்கிறது, 1909. அதற்கு அழைத்தோ எஸ்.எம்.எஸ். அனுப்பியோ வங்கி, வீட்டுமனை, கல்வி, மருத்துவம் என்று வகை வகையாக வேண்டும், வேண்டாம் என்று சொல்லலாம். டிராயின் 2018 விதிமுறைப்படி அந்த விருப்பம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பதிவேட்டில் ஏறும். வரும் எஸ்.எம்.எஸ். அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. வேண்டாம் என்ற வகையில் 'பி' வந்தால் அதே 1909இல் புகார் செய்யுங்கள்.

சரி, என்னைப் பத்தி என்ன வெச்சிருக்காங்கன்னு நான் கேட்டு வாங்க முடியுமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீங்கள் சம்மதம் தந்து திரட்டிய தரவின் சுருக்கத்தையும், அது யாருக்கெல்லாம் பகிரப்பட்டது என்பதையும் கேட்கும் உரிமை அதன் 11ஆம் பிரிவில் இருக்கிறது. சம்மதத்தை எவ்வளவு எளிதாகத் தந்தீர்களோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறலாம் என்பது 6ஆம் பிரிவு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய அந்த 2 ஆண்டுப் பதிவுகளை அழிக்கச் சொல்ல முடியாது.

அதற்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. டிராயின் 2012 நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைப்படி, ப்ரீபெய்டு வாடிக்கையாளரும் கடந்த 6 மாதத்துக்குள்ளான அழைப்பு, பயன்பாட்டுப் பட்டியலை 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் எழுதிக் கேட்டு வாங்கலாம். என் எண்ணுக்கு நான் ஒருமுறை வாங்கினேன். எண், நேரம், நிமிடம் மட்டும் இருந்த பட்டியல். ஒரு பக்கத்தில் ஒரே லேண்ட்லைன் எண் அடிக்கடி வந்தது, அதிகாலை 3:10, 3:25, 4:02. அப்புறம் ஊரில் இருக்கும் அக்காவுக்கு 26 நிமிடம். அதற்கடுத்த 11 நாளும் ஆபீஸ் எண் ஒன்றுகூட இல்லை. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த நாட்கள் அவை.